கட்டுத்தரைக்குத் திரும்பிய மூட்டைகள்

வெள்ளியங்காட்டுப்புதூரில் மாட்டை விற்பார்களே தவிர கயிற்றை விற்க மாட்டார்கள். வாங்க வருகிறவர் தன் கையோடு புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். அதை மாட்டின் கழுத்தில் கட்டியதும் விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தொழுவத்துக் கட்டுத்தரை ஆணியில் மாட்டிவிடுவார், ஏனென்றால் கயிறும் கூடப் போனால் அந்தக் கட்டுத்தரையின் யோகமும் அதோடு நடந்துபோய்விடும் என்பது அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான், மயிலாத்தாளின் புருஷன் அவினாசியப்பன் சோளக்காட்டை அழித்துச் சாயப்பட்டறை போட்டு, பனியன் துணிக்குச் சாயம் ஏற்றி, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் தொட்டிக்கு அடியில் தங்குகிற கசடை மூட்டை கட்டி முதல் லோடு லாரியில் ஏற்றிய அன்றைக்கு, மயிலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் கட்டியிருந்த தன் வீட்டுச் சணல் கயிற்றை அவிழ்த்து, லாரிக்காரர் தொரைசாமி கொண்டுவந்த பச்சை பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டவிட்டு, அவிழ்த்த கயிறுகளையெல்லாம் கட்டுத்தரை ஆணியில் கொண்டுபோய் மாட்டினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் பதில் தெரிந்திருக்காது. கை பழகியதைச் செய்தது, அவ்வளவுதான்.

அந்த மூட்டைகள் இரண்டொரு நாளில், விடியற்காலையில் திரும்பி வந்தன.

மூட்டை எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். நிறைசினை மாடு நடக்கிற மாதிரி, வலப்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் கொஞ்சம் அசைந்து அசைந்து, அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல், ரோட்டின் இடது ஓரமாகவே, ஒன்றன் பின் ஒன்றாக அவை வந்தன. பேக்கரிக்கு எதிரே வளைவில் திரும்பி, பட்டறை கேட்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. வாசலுக்குச் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மயிலாத்தாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவற்றைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் நீல மையில் 'இந்துமதி பிராசஸ்' என்று அச்சடித்திருந்தது. இந்துமதி அவளுடைய ஒரே மகள். பட்டறைக்குப் பேர் வைக்க ஜோசியரிடம் போகலாம் என்று எல்லோரும் சொன்னபோது, ஊஞ்சலில் கால் ஆட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "இவ பேரைவுட நல்ல பேரை எந்த ஜோசியன் சொல்லீருவான்?" என்று அவினாசியப்பன் கேட்டுவிட்டுப் பெயிண்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க," என்று மயிலாத்தாள் உள்ளே பார்த்துச் சொன்னாள். "நீங்க அனுப்பிச்சதெல்லாம் வந்துட்டுதுங்க."

அவினாசியப்பன் பல்தேய்க்கிற குச்சியோடு வந்து பார்த்தார். மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் விற்ற உருப்படி வீடு திரும்புவது அவருக்குப் புதிதல்ல. சந்தையில் கொடுத்துவிட்டு வந்த காளை தனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து அசைபோட்டுக்கொண்டு நின்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அதனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சரி, இதுகளை இப்ப எங்க வெக்கறது?"

தொரைசாமி மறுபடி வந்து ஏற்றிக்கொண்டு போனார். மறுபடி அவை வந்தன. புது லோடு போனால் புது லோடும் வந்தது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் மயிலாத்தாள் கயிற்றை அவிழ்த்து ஆணியில் மாட்டிக்கொண்டுதானே இருந்தாள். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களும் ஒரு காலத்தில் மாடு கட்டியவர்கள்தான், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் கை அப்படித்தான் பழகியிருந்தது. ஆக, கொஞ்ச நாளில் ஊரில் எல்லாப் பட்டறை மூட்டைகளும் வீடு திரும்ப ஆரம்பித்தன.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். முதல் வாரம் நாய்கள் குரைத்தன, அப்புறம் அவையும் விட்டுவிட்டன. காலை டவுன்பஸ்காரர் வளைவில் வண்டியை நிறுத்தி மூட்டைகள் கடந்துபோகிற வரைக்கும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கப் பழகினார். கண்டக்டர் அந்த நேரத்தில் இறங்கி ஒரு டீ குடித்துக்கொண்டார். பேக்கரியில் உட்கார்ந்திருப்பவர்கள் சாக்கிலிருந்து கசிந்த நிறத்தைப் பார்த்தே, போன வாரம் எந்தப் பட்டறையில் என்ன ஆர்டர் ஓடியது என்று சொல்லிவிடுவார்கள். கருநீலம் ஓடியதை மறைத்து வெள்ளைத் துணிதான் ஓட்டினேன் என்று சொன்ன ஒருவரின் குட்டு அப்படித்தான் உடைந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு, வழியில் வருகிற மூட்டையைத் தொடக்கூடாது, மிதிக்கக்கூடாது, அது விஷம், ஆனால் கேலி செய்யவும் கூடாது என்று அம்மாக்கள் சொல்லி அனுப்பினார்கள். ஒடிசாவிலிருந்து வந்து இந்துமதி பிராசஸில் சாயத் தொட்டி பார்க்கிற ரஞ்சன், காலையில் கேட்டைத் திறந்ததும் மூட்டைகளுக்குப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போவான். நாம் ஊருக்குப் போக முடியவில்லை, இதுகளாவது போகுதே என்று அவன் தன் பாஷையில் சொல்லிக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு.

மயிலாத்தாளுக்கு வேலை கூடியது. கசடு வெறும் மண் மாதிரி கிடக்கிற சாமான் இல்லை; ஒரு தூறல் பட்டாலும் அதிலிருந்து சாயமும் உப்பும் ஊறி மண்ணுக்குள் இறங்கிவிடும், இறங்கினால் கிணற்றைத்தான் போய்ச் சேரும். அதனால் வானம் கறுத்து மழைக்கோப்புத் தெரிந்தால் போதும், அவள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடிவிடுவாள். பஸ் கண்டக்டர் அதைக் கவனித்துவிட்டு, மூட்டைகள் வளைவில் திரும்புகிறபோதே பேக்கரியிலிருந்து சத்தம் கொடுக்கத் தொடங்கினார்: "அம்மிணி, உங்க இந்துமதி வந்தாச்சுங்." அவள் தார்ப்பாயோடு ஓடி வருவாள். ஊருக்கு அது ஒரு தமாஷ். அவளும் சிரித்துக்கொண்டேதான் ஓடி வருவாள். ஆனால் ஒவ்வொரு தடவையும், அந்தக் குரல் கேட்ட கணத்திலிருந்து கேட்டைத் தொடுகிற கணம் வரைக்கும், அவள் மனசு ஒரு முட்டாள்தனமான காரியத்தை நம்பிக்கொண்டு ஓடியது.

ஏனென்றால் பெற்ற இந்துமதி வரவில்லை. காங்கேயம் பக்கம் கிளுவங்காட்டூரில் அவளைக் கட்டிக்கொடுத்தபோது, வீட்டில் இருந்த ஒரே மாடான செவலையையும் சீராகக் கூட அனுப்பினார்கள். கல்யாணமான புதிதில் மாசத்துக்கு இரண்டு தடவை வந்து, வந்த வேகத்தில் குழம்புச் சட்டியைத் திறந்து பார்க்கிற பெண், பொங்கலுக்கு அப்புறம் வரவே இல்லை. போன் போட்டால், "சோலியா இருக்கறனுங்கம்மா, அப்பறம் பேசறன்" என்று வைத்துவிடுவாள். அந்த அப்பறம் வரவே இல்லை. என்ன குறை என்று மயிலாத்தாளுக்குத் தெரியவில்லை. சமைக்கிறபோதும் துவைக்கிறபோதும் அவள் அதையே திருப்பித் திருப்பி நினைத்து, குற்றமெல்லாம் தன்மேல் ஏற்றிக்கொண்டு, எந்தக் குற்றம் என்றுதான் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. திரும்பி வருகிற மூட்டைகளில் கொழுக்கட்டைப் புல்லின் விதைகள் பஞ்சு பஞ்சாய் ஒட்டிக்கொண்டிருந்தன, அடிப்பக்கத்தில் செம்மண் அப்பியிருந்தது. கொழுக்கட்டைப் புல் காங்கேயத்து மேய்ச்சல் காட்டில் அலை அலையாய்க் கிடக்கும், தன் ஊரில் முளைக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், துடைப்பத்தால் அதைத் தட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள். சில சமயம் மனுஷர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாத மாதிரி மடித்து வைத்துக்கொள்வது உண்டு.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி ஜெசிந்தா ஜீப்பில் வந்து இறங்கியபோது மூட்டைகள் அப்போதுதான் வந்து உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தன. மெலிந்த பெண், முப்பது வயது இருக்கும், வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டிருந்தாள். எந்தப் பட்டறையில் எவ்வளவு கசடு உண்டாகிறது, அது எந்த வண்டியில் ஏறுகிறது, எங்கே போய் அடங்குகிறது என்று கடைசி வரைக்கும் பின்தொடர்ந்து பார்ப்பது அவளுடைய வேலை. கையில் இருந்த தாளையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், இந்த லோடு சிமென்ட் ஆலைக்குப் போய் சூளைல எரிஞ்சாச்சுன்னு தாள் சொல்லுது. ஆலை சீல்கூட இருக்கு."

"ஆமாங் மேடம்," என்றார் அவினாசியப்பன்.

"எரிஞ்சது எப்படி சார் இங்க உட்காந்திருக்கு?"

"நடந்து வந்துட்டுதுங்."

அவள் மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தாள். அவை நடந்து வந்ததைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் இதைவிட நம்ப முடியாத கணக்குகளையெல்லாம் தாளில் பார்த்திருக்கிறாள். "வந்தது இருக்கட்டும் சார். எங்க இருந்து வந்துச்சு? நீங்க உண்டாக்கினது எங்க போய்ச் சேருதுன்னு சொல்ல வேண்டியவங்க நீங்கதான். லாரில ஏத்திட்டா கை கழுவினதா ஆகாது." மயிலாத்தாள் கொண்டுவந்து கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "மூட்டையா வந்ததை வெச்சுச் சமாளிச்சுடலாம்மா. கரைஞ்சு போனது வராது" என்று அவளிடம் தனியாகச் சொன்னாள். ஒரு வாரத்தில் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

அன்று சாயங்காலமே தொரைசாமியை அவினாசியப்பன் வரவழைத்தார். தொரைசாமி லாரியில் கசடு ஏற்றுவதற்கு முன்னால் சந்தைக்கு மாடு ஏற்றியவர். மூட்டைகள் ஏன் திரும்பி வருகின்றன என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அவர் நேரே கட்டுத்தரைக்குப் போய், ஆணி நிறையத் தொங்கிய சணல் கயிறுகளைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனுங்ணா, கயித்தைப் புடிச்சு வெச்சுட்டு உருப்படியை அனுப்பிச்சா வராம என்னுங்ணா பண்ணும்? எல்லாத்தையும் எரிச்சுப் போடுங். அப்பறம் ஒண்ணுகூட இந்தப் பக்கம் தலை வெக்காது. கொட்டுன எடத்துலயே கெடக்கும்."

"எங்க கொட்டுறே?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்ணா. ஒரு பாறைக்குழிங், கல்லு ஒடைச்சு வுட்ட குழி," என்றார் தொரைசாமி. அவினாசியப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கும் கை பழகிய வேலையாகத்தான் இருந்தது.

மறுநாள் முதல் பஸ் வருவதற்கு முன்னால் அவர் தீப்பெட்டியோடு கட்டுத்தரைக்குப் போனார். பின்னாலேயே மயிலாத்தாள் வந்தாள். கயிறுகளை ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் குவித்திருந்தார். கழுத்துப் பட்டு வழுவழுத்துப் போன செவலையின் பழைய கயிறும் அந்தக் குவியலில்தான் கிடந்தது.

"வேணாமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"மூட்டை கேட்டுல உக்காந்திருந்தா பட்டறைக்குச் சீல் வெச்சுப் போடுவாங்க புள்ள. அம்பது பேரு சோறு திங்கற எடம்."

"நம்மளது நம்ம ஊட்டுக்கு வருது. வர்றதை வராதேன்னு சொல்றதுக்கு எனக்கு மனசு வல்லீங்க." அவள் குரல் ஏன் உடைந்தது என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததால் அவளைப் பார்க்காமல் குச்சியை உரசினார்.

அந்த நேரம் பேக்கரிப் பக்கமிருந்து கண்டக்டரின் குரல் கேட்டது. வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லவில்லை. "அம்மிணி, வெளிய வந்து பாருங். மாடு ஒண்ணு வருதுங்." அவர்கள் எட்டிப் பார்ப்பதற்குள் கேட்டைத் தாண்டி, மூட்டைகளின் வரிசைக்கு முன்னால் வழிகாட்டி மாதிரி நடந்து, செவலை உள்ளே வந்துவிட்டது. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய், மூக்கை முக்கி, மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. தொட்டியின் பாதி காலியாகிற வரைக்கும் அது தலையைத் தூக்கவில்லை. அப்புறம் மெதுவாக வந்து, தரையில் கிடந்த குவியலை முகர்ந்து, தன் கயிறு கிடந்த இடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது. அவினாசியப்பன் கையில் குச்சி எரிந்து விரலைச் சுட்டது.

போன் அடித்தது. பொங்கலுக்குப் பிறகு இந்துமதி தானாகப் போட்ட முதல் போன்.

"அம்மா, செவலை அங்க வந்துச்சுங்களா?"

"வந்துட்டா கண்ணு. தண்ணி குடிச்சா. ஏன் சாமி இப்படித் தவிச்சுப் போய் வந்திருக்கறா?"

"இங்க தண்ணியை மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்கம்மா. மாமா கேன் தண்ணி வாங்கி ஊத்துனாங்க, மாட்டுக்கு அது எம்மாத்திரம்? கெணறு செவப்பா இருக்குது. காட்டுக்குப் பக்கத்துல பாறைக்குழி இருக்குதில்லீங்களா, அதுல கொண்டாந்து கொட்டறாங்க. மூட்டைல எம் பேரு போட்டிருக்குதுங்கம்மா. ஊரே படிக்குது. இந்துமதி வந்துட்டா, இந்துமதி வந்துட்டான்னு பசங்க சொல்றாங்க. மாமாவும் அத்தையும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டாலாச்சும் தேவலை."

மயிலாத்தாள் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். மகள் வராததற்கு என்ன காரணம் என்று அத்தனை மாசம் தேடினாளே, அந்தக் காரணம் தினமும் காலையில் அவள் கேட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு அவள் தார்ப்பாய் போர்த்திவிட்டிருந்தாள். அவினாசியப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்டது அவருக்கும் கேட்டிருந்தது.

"எந்தப் பாறைக்குழின்னு நான் ஒரு வார்த்தைகூடக் கேக்கலை மயிலா."

"புல்லு ஒட்டியிருந்ததை நான் தெனமும் தட்டிவிட்டனுங்க," என்றாள் அவள். அவர் கயிறுகளைப் பொறுக்கி எடுத்து, தூசி தட்டி, திரும்ப ஆணியில் மாட்டினார். எரித்திருந்தால் அத்தனை மூட்டையும் மகள் வீட்டுக் குழியிலேயே நிரந்தரமாகத் தங்கியிருக்கும்.

அன்றே இரண்டு பேரும் கிளுவங்காட்டூருக்குப் போனார்கள். கூட ஜெசிந்தாவும் வந்தாள். அவினாசியப்பனே போன் போட்டு, "எங்க போகுதுன்னு கேட்டீங்களே மேடம், தெரிஞ்சு போச்சுங்" என்று சொல்லியிருந்தார். சம்பந்தி வீட்டில் வழக்கம்போல "வாங்க, வாங்க" என்று எழுந்து நின்றார்கள், பாய் விரித்தார்கள். அந்தப் பக்கம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்பது முறை. சம்பந்தி உள்ளே போய், கடையில் வாங்கிய கேனைச் சாய்த்து, சொம்பில் பிடித்துக்கொண்டு வந்து, "தண்ணி குடிங்க" என்று நீட்டினார். மரியாதையில் ஒரு சொட்டுக் குறையவில்லை. அவினாசியப்பன் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தார்.

"என்னைய நாலு வார்த்தை திட்டிப் போடுங்க மச்சான்," என்றார்.

"திட்டி என்னங்க ஆகப்போகுது," என்றார் சம்பந்தி. "மொதல்ல அங்க கெடக்கறதை எடுங்க."

பாறைக்குழியில் முழுசாக இருந்த மூட்டைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, அவை ஒவ்வொன்றாகக் கரையேறி நடந்துகொண்டுதான் இருந்தன. கிழிந்தவைதான் கிடந்தன. பாறையில் பட்டு வயிறு திறந்து, கசடு சரிந்து, எழுந்திருக்கப் பார்ப்பதும் சாய்வதுமாக அவை கிடந்ததைப் பார்த்ததும் மயிலாத்தாள் சரிவில் இறங்கப் போனாள். ஜெசிந்தா ஜீப்பிலிருந்து கையுறையும் முகமூடியும் ரப்பர் பூட்ஸும் எடுத்துக் கொடுத்தாள். மயிலாத்தாள் மடியிலிருந்து கோணி ஊசியை எடுத்தாள். சரிந்த கசடை மண்வெட்டியால் அள்ளி உள்ளே போட்டு, வயிற்றைச் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தைக்க ஆரம்பித்தாள். தைத்து முடித்து நூலை அறுத்ததும் மூட்டை ஒரு தடவை குலுங்கி, வலப்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் கொஞ்சம் என்று அசைந்து, மேட்டில் ஏறி வடக்கே பார்த்து நடந்தது.

யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்ணைப் பார்த்தே யார் என்று தெரிந்தது. இந்துமதி கிழிசலின் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டாள். வெயில் சாய்கிற வரைக்கும் அம்மா தைத்தாள், மகள் பிடித்தாள். மேட்டின்மேல் அவினாசியப்பனும் சம்பந்தியும் மண்வெட்டி போட்டார்கள்.

"ஊட்டுக்கு வா கண்ணு. செவலை உன்னையத் தேடறா," என்றாள் மயிலாத்தாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"வர்றனுங்கம்மா. எம் பேரு போட்ட மூட்டை ஒண்ணுகூட இங்க கெடக்காத அன்னிக்கு வர்றேன். அதுக்கு முன்னால வந்தா, இவங்களை வுட்டுட்டு ஓடிப்போன மாதிரி இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. மயிலாத்தாள் கோத்த நூலுக்கு முடிச்சுப் போட்டு அடுத்த மூட்டையை இழுத்தாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் நிதானமாக நடந்தது. காய்ந்த கசடு நனையாமல் இருக்க அவினாசியப்பன் பட்டறைக்குப் பின்னால் சிமென்ட் தளம் போட்டுக் கூரை வேய்ந்தார். வருகிற மூட்டையெல்லாம் அங்கே போய் உட்கார்ந்தது. தொரைசாமிக்கு வண்டி ஓட்டத் தடை விழுந்து, ஆட்கள் மாறினார்கள். சிமென்ட் ஆலைக்கு நிஜமாகவே போகிற லாரி வந்து நின்ற அன்று, ஏற்றுகிற ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் பிளாஸ்டிக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஆணியிலிருந்த அதன் சணல் கயிற்றை மயிலாத்தாள் தன் கையால் கட்டினாள். ஊரே வேடிக்கை பார்த்தது. கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் கட்டுத்தரையின் யோகம் போய்விடுமே என்று பக்கத்துப் பட்டறை அம்மா கவலைப்பட்டாள்.

"போனாப் போகுதுக்கா," என்றாள் மயிலாத்தாள். "எம் மகளுக்குக் குடிக்கத் தண்ணியில்லாத யோகம் எனக்கு எதுக்கு?"

அந்த லோடு திரும்பி வரவில்லை. ஜெசிந்தா லாரிக்குப் பின்னாலேயே ஜீப்பில் போய், அவை சூளைக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் அவை தயங்காமல் போனதாக மயிலாத்தாளிடம் மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் பக்கத்துப் பட்டறை அம்மாவும் தன் ஆணியைக் காலி செய்தாள், அதற்கடுத்து மற்றவர்களும். பட்டறை ஓடத்தான் செய்தது, லாபம் குறைந்தாலும். அவினாசியப்பன் தினமும் காலையில் தானே டேங்கர் ஓட்டிக்கொண்டு கிளுவங்காட்டூருக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோனார். குடம் வைத்து நின்ற பெண்கள் ஆரம்பத்தில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் அப்படியும் போனார், மறுநாளும் போனார். ஒரு நாள் ஒரு கிழவி அவர் வண்டியை நிறுத்தி, ராகி உருண்டை இரண்டைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மயிலாத்தாளிடம் காட்டினார்.

ஆணியில் கயிறு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பார்த்தபோது செவலையின் கயிற்றோடு ஒரே ஒரு சணல் கயிறு தொங்கியது. அதற்குரிய மூட்டை மட்டும் வரவில்லை. நாள் போயிற்று. குழிக்கு அடியில் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறதோ, சாக்கு மக்கிப்போய்விட்டதோ என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரஞ்சன் காலையில் கேட்டைத் திறந்து, வெறும் தரையைப் பார்த்து, கும்பிடுவதற்கு ஒன்றுமில்லாமல் உள்ளே போனான். பஸ் வளைவில் நிற்காமல் போயிற்று. மயிலாத்தாளுக்கு அந்தக் காலைகள் பொறுக்கவில்லை. தார்ப்பாயை மடித்துக் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்; வராது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாலும் காதை மட்டும் பேக்கரிப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்து, சாரல் விழுந்த ஒரு காலை. பஸ் வளைவில் நின்ற சத்தம் கேட்டது, அதன்பின் அந்தக் குரல்.

"அம்மிணி, உங்க இந்துமதி வந்தாச்சுங்."

அவள் தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ஸின் பின்படியிலிருந்து ஒரு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மிகவும் மெதுவாக, ஒவ்வொரு படியாக, உடம்பெல்லாம் தையலும் ஒட்டுமாக, வயிற்றில் ஒரு பழைய சிவப்புச் சேலைத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. சேலைத் துண்டுக்கு மேலே 'இந்துமதி' மட்டும் மிச்சமிருந்தது. அதற்குப் பின்னால், கையுறை போட்ட கையால் அதைத் தாங்கிப் பிடித்தபடி, இந்துமதி இறங்கினாள்.

"நடக்க முடியலீங்கம்மா இவளுக்கு. அதான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "இதுதான் கடைசி. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கூடப் போடலை."

உள்ளே செவலை குரல் கொடுத்தது. தூறல் வலுத்தது. மயிலாத்தாள் தார்ப்பாயை விரித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் பழகிய கை மூட்டைப் பக்கம் போயிற்று, மனசு மகள் பக்கம் போயிற்று, நடுவில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். மழையில் நனைந்துகொண்டே இந்துமதி சிரித்தாள். பொங்கலுக்கு அப்புறம் அம்மா பார்க்கிற முதல் சிரிப்பு.

"அவளுக்கு மொதல்ல போத்துங்கம்மா. நான் நனஞ்சாச் சாயம் போவாது."

மயிலாத்தாள் தார்ப்பாயின் ஒரு முனையை மூட்டையின்மேல் இழுத்துப் போட்டு, மறுமுனையை மகளின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். அதற்கடியில் மூன்று பேரும் மெதுவாக, மூட்டையின் நடைக்கு நடை வைத்து, வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.